பிளாக் கரண்டும் பெருநெல்லியும்

புட்டியில் அடைத்து வந்த பொருளுக்கு நம்மவரிடையே உள்ள மதிப்பு, மரத்தில் காய்த்துத் தொங்கும் பொருளுக்கு இல்லை. கும்பகோணத்துக் கடைத்தெருவிலும், திருவிடைமருதூர் வீதிகளிலுங்கூட, 'பிளாக் கரண்ட்' என்னும் பெயர் தாங்கிய பானமும் ஐஸ்கிரீமும் விலையாகின்றன. அப்பழம் தேகத்துக்குப் பெருநன்மை செய்வதென்று கேள்விப்பட்டுக் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் பலர். இதில் உண்மை எவ்வளவு, விளம்பரம் எவ்வளவு என்று விசாரிப்பது அவசியமாகும். விஷயம் வெறும் ருசியைப் பற்றியதன்று. நம் வீட்டுப் பெண்டிரின் இரத்தத்தைப் பற்றியது.

முதலில் அப்பழத்துக்குரிய நியாயத்தைச் செய்வோம். குளிர் தேசத்துப் புதரில் காய்க்கும் அச்சிறு கருங்கனியின் 100 கிராமில், 'ஸி' என்னும் ஜீவசத்து சுமார் 180 மில்லிகிராம் உண்டு. ஆரஞ்சில் சுமார் 50 தான். இரண்டாம் மகாயுத்தத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களால் ஆரஞ்சு வரத்துக் குறைந்தபோது, ஆங்கில அரசாங்கத்தார் தம் நாட்டில் விளைந்த இக்கனியின் பாகையே குழந்தைகளுக்கு இலவசமாக வழங்கினர். தம் கொல்லையில் விளைவதைக் கொண்டு தம் குழந்தைகளைக் காத்த அச்செயல் போற்றத்தக்கதே.

ஆனால் பழத்தின் பெருமை பானத்துக்குத் தானே வந்துவிடுமா? நியூஸிலாந்தில் 2004-ஆம் வருஷம் பதினான்கு வயதுள்ள பள்ளி மாணவியர் இருவர் இதைச் சோதித்தனர். 'ஆரஞ்சைப் போல் நான்கு மடங்கு ஸி சத்துள்ள கனி' என்று பறைசாற்றி விற்கப்பட்ட ரைபீனா பானத்தை ஆராய்ந்தபோது, காகிதப் பெட்டியில் வந்த பானத்தில் அச்சத்து ஏறக்குறைய இல்லையெனக் கண்டனர். 2007 மார்ச்சில் ஆக்லந்து நீதிமன்றத்தில் கிளாக்ஸோஸ்மித்கிளைன் கம்பெனியார் 15 குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டனர். இரண்டு லக்ஷம் டாலருக்கு மேல் அபராதமும் விதிக்கப்பெற்றது. கனியைப் பற்றிச் சொன்னது மெய். அதைக் கேட்டுப் பானத்தைப் பற்றி ஜனங்கள் எண்ணிக்கொண்டது பொய். நம் நாட்டிலோ, 'பிளாக் கரண்ட்' என்று உலர்த்தி விற்கப்படுவது பெரும்பாலும் கறுப்பு திராக்ஷையேயாகும். பெயரை வாங்குவோர் பொருளைப் பெறுவதில்லை.

இனி நம் பெருநெல்லியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். ஹிஸ்ஸார் பிரதேசத்தில் 1939-40-இல் பஞ்சம் நேர்ந்து, ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் பரவியபோது, அதைத் தீர்க்க உதவியது நெல்லிக்காய். குன்னூரில் தொடங்கி 1958-இல் ஹைதராபாதுக்கு மாறிய போஷாக்கு ஆராய்ச்சி நிலையத்தாரின் பழைய அட்டவணை, 100 கிராம் நெல்லிக்கு 600 மில்லிகிராம் 'ஸி' சத்து எனக் காட்டியது. 2017-இல் அவர்களே வெளியிட்ட புதிய அட்டவணையில் அது சுமார் 250 ஆயிற்று. பழைய கணக்கையே இன்றும் முழக்குவோர் உளர். நம்முடைய காய் என்பதற்காகக் கணக்கைப் பெருக்க வேண்டுவதில்லை. குறைந்த கணக்கே போதும். அதன்படியும் நெல்லி பிளாக் கரண்டுக்கு மேற்பட்டதே. ஒரு நாளைக்கு ஆடவருக்கு 80, பெண்டிருக்கு 65 மில்லிகிராம் தேவையென 2020-இல் நிர்ணயித்திருக்கின்றனர். நல்ல சதைப்பற்றுள்ள ஒரு நெல்லிக்காய் அதனைத் தந்துவிடும்.

இந்தச் சத்தில் நமக்கென்ன அத்தனை அக்கறை என்று கேட்கலாம். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தசோகை உடையவர். நெற்களஞ்சியம் என்று பெருமை கொள்ளும் காவேரி நாட்டாருக்கும் இது வெட்கக்கேடன்றோ? சோறு வயிற்றை நிரப்பும். தீட்டிய வெள்ளரிசியில் இரும்புச் சத்து சொற்பமே. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்போ குடலில் எளிதில் சேராது. அவ்விரும்பை உடம்பு ஏற்கத்தக்க நிலைக்கு மாற்றித் தருவது 'ஸி' சத்து. இரண்டும் ஒரே வேளை உணவில் இருத்தல் வேண்டும். காலையில் நெல்லியும் மாலையில் கீரையும் உண்பதால் இப்பயன் கிட்டாது.

துவாதசிப் பாரணையில் அகத்திக் கீரையையும் நெல்லிக்காய்ப் பச்சடியையும் ஒரே இலையில் பரிமாறுகிறோம். முன்னோர் ரஸாயன சாஸ்திரம் கற்று இவ்விதி செய்தனரென்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் சேர்க்கை சிலாக்கியமானது. பக்ஷத்துக்கு ஒருநாள் விரதக்காரர் இலையில் இருப்பது, காயுள்ள நாளெல்லாம் வீட்டுப் பெண்கள் இலையில் ஏன் இருத்தலாகாது?

சில எச்சரிக்கைகள் அவசியம். வெப்பத்தில் 'ஸி' சத்து கெடும். ஆதலின் பச்சையாய் அரைத்துத் தயிரில் கலந்து உண்பதே நலம். சாப்பாட்டோடு காப்பியும் தேயிலையும் பருகினால் இரும்பு சேர்வது தடைப்படும். நெல்லி மட்டும் சோகையைத் தீர்க்குமென்று எவரேனும் சொன்னால் நம்பற்க. சோகை முற்றியவரும் கர்ப்பிணிகளும் வைத்தியர் தரும் இரும்பு மாத்திரையைக் கைவிடலாகாது. கண்ணொளி, ஞாபகசக்தி என்றெல்லாம் பிளாக் கரண்டின் பேரில் ஏற்றிக் கூறப்படுபவையும் சிறு பரிசோதனைகளின் அளவிலேயே நிற்கின்றன.

மருத மரத்தால் பெயர்பெற்று, அம்மரத்தையே ஸ்தலவிருக்ஷமாகப் போற்றும் திருவிடைமருதூர் வாசிகளுக்கு மரத்தின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தண்ணீர் தேங்காத மேட்டுக் கொல்லைகளிலும் பள்ளிக்கூடத் தோட்டங்களிலும் நெல்லிக் கன்றுகளை நடுவதற்கு எவருடைய உத்தரவும் தேவையில்லை. பொதுக்காரியத்தில் ஊக்கமுள்ள வாலிபர் இதனை மேற்கொள்வாராக. அதுவரை, பானம் வாங்கச் செல்லும் கை காய்கறிக் கடைப்பக்கம் திரும்பட்டும். வாங்கிவந்த நெல்லி, கடைசியில் உண்ணும் தாயின் இலைக்கு முதலில் செல்லட்டும்.