ஆயக்குடிக் கொய்யாவின் வேரில் ஒளிந்திருக்கும் எதிரி

பழனிக்குப் போகிறவர்கள் பஞ்சாமிர்தம் வாங்காமல் திரும்புவதில்லை. திண்டுக்கல் சாலை வழியாகத் திரும்புகிறவர்கள் இன்னொன்றையும் வாங்குவார்கள். அதுதான் ஆயக்குடிக் கொய்யா!

பழனியிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில், சில கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது ஆயக்குடி. தெற்கே மலைத்தொடர். மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு, மாந்தோப்பு, கொய்யாத் தோட்டம். பறித்த பழங்கள் பெட்டி பெட்டியாக ஆயக்குடிச் சந்தைக்கு வந்து சேருகின்றன. வெளியூர் வியாபாரிகள் அவற்றை வாங்கி லாரிகளில் ஏற்றுகிறார்கள். இந்த ஊரில் கொய்யா வெறும் பழம் அல்ல. பல குடும்பங்களுக்கு அதுதான் சோறு.

அந்தச் சோற்றுக்கு இப்போது ஓர் ஆபத்து வந்திருக்கிறது. அது மரத்தின் மேலே இல்லை, மண்ணுக்குள் இருக்கிறது.

எங்கோ பிறந்த மரம்

கொய்யாவின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசம். கடல் கடந்து வந்த மரம், நம் ஊர் மரமாகவே ஆகிவிட்டது. வேலியோரத்தில் நட்டாலும் வளரும். கிணற்றடியில் நட்டாலும் காய்க்கும்.

"ஏழைகளின் ஆப்பிள்" என்று கொய்யாவைச் சொல்வார்கள். உண்மையில் அது ஆப்பிளைவிட மேலான பழம். 100 கிராம் ஆரஞ்சுப் பழத்தில் உயிர்ச்சத்து 'சி' சுமார் 50 மில்லிகிராம் இருக்கிறது. அதே எடையுள்ள கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது!

நம் விவசாயிகள் விரும்பிப் பயிரிடும் ரகங்களில் ஒன்று 'லக்னோ 49'. பெயரில் லக்னோ இருந்தாலும் அது தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் பூனா. அங்குள்ள கணேஷ்கிண்ட் பழ ஆராய்ச்சி நிலையத்தில், டாக்டர் சீமா என்ற நிபுணர் 1927-ல் அதைத் தேர்ந்தெடுத்தார். 'அலகாபாத் சபேதா' ரகத்தின் விதையில் முளைத்த கன்று அது. 'சர்தார்' என்ற பெயரும் அதற்கு உண்டு. பழம் பெரியது, சதை வெள்ளை, ருசி இனிப்பு.

எப்படி வளர்ப்பது?

விதை போட்டு வளர்க்கும் கன்று தாய்மரத்தைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே பதியன் போடுகிறார்கள். நல்ல மரத்தின் கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரிக்கிறார்கள். அந்த இடத்தில் ஈரமான பாசியை வைத்து, பாலிதீன் தாளால் இறுகக் கட்டுகிறார்கள். சில வாரங்களில் வேர் விடுகிறது. கிளையை வெட்டி எடுத்தால் புதிய கன்று தயார். கிளையில், அந்தரத்திலேயே வேர் விடுவதால் இதற்கு 'விண்பதியம்' என்று பெயர்.

20 அடிக்கு ஒரு கன்று நட்டால் ஏக்கருக்குச் சுமார் 110 மரங்கள் வரும். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழமுள்ள குழி போதும்.

கொய்யா, புதிதாகத் துளிர்த்த தளிரில்தான் பூக்கும். இதை மறக்கக் கூடாது. வெட்டாமல் விட்ட மரம் உயரமாகப் போகுமே தவிர, நிறையக் காய்க்காது. ஆகவே காய்த்து முடிந்த கிளைகளின் நுனியை அரை அடி அளவுக்கு வெட்டிவிட வேண்டும். பிப்ரவரி-மார்ச், செப்டம்பர்-அக்டோபர் ஆகிய இரண்டு பருவங்களும் இதற்கு ஏற்றவை. நிமிர்ந்து வளரும் கிளைகளை வளைத்து, தரையில் முளை அடித்துக் கட்டிவிடுவதும் உண்டு. வளைத்த கிளையில் பக்கத் தளிர்கள் வரிசையாகக் கிளம்பும்.

காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம் வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்துக்கள் ஒவ்வொன்றும் 1 கிலோ வேண்டும். இவற்றை மார்ச்சிலும் அக்டோபரிலும் இரண்டு தவணையாக இட வேண்டும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசு.

இவ்வளவும் செய்தும் மரம் வாடினால்?

கண்ணுக்குத் தெரியாத புழு

இலை வெளிறிப் பழுப்பு நிறமாகிறது, உதிர்கிறது. காய் சிறுத்துப் போகிறது. துத்தநாகச் சத்துக் குறைந்தாலும் இலையில் ஏறக்குறைய இதே மாதிரிதான் தெரியும். ஆகவே விவசாயி உரம் போடுகிறார், மருந்து தெளிக்கிறார், இன்னும் தண்ணீர் பாய்ச்சுகிறார். பலன் இல்லை. கடைசியில் மரம் பட்டுப்போகிறது.

அந்த மரத்தைத் தோண்டிப் பார்த்தால் ரகசியம் வெளிப்படும். வேர் முழுவதும் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கும். இதைச் செய்வது வேர்முடிச்சு நூற்புழு. அதன் குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இராது. வேருக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டு சத்தை உறிஞ்சுகிறது. ஒரு பெண் புழு 400 முதல் 600 முட்டைகள் இடுகிறது. நான்கைந்து வாரங்களில் அடுத்த தலைமுறை தயாராகிவிடுகிறது. புழு துளைத்த வேருக்குள் பூஞ்சாணமும் புகுந்துவிட்டால், மரத்தின் கதை முடிந்தது.

வேர்முடிச்சுப் புழுக்களில் பல இனங்கள் உண்டு. கொய்யாவைக் குடி கெடுப்பது 'மெலாய்டோகைன் என்டெரோலோபி' என்ற இனம். சீனாவின் ஹைனான் தீவில் கிடைத்த புழுவை வைத்து, 1983-ல் விஞ்ஞானிகள் இதற்குப் பெயர் சூட்டினார்கள். 2001-ல் பிரேசில் நாட்டின் கொய்யாத் தோட்டங்களில் இது இருப்பது தெரிந்தது. அங்கே தோட்டம் தோட்டமாக மரங்கள் அழிந்தன.

இந்தியாவில் கொய்யாவை இந்தப் புழு தாக்கியிருப்பதாக முதல் தகவல் வந்தது எங்கிருந்து தெரியுமா? நம் ஆயக்குடிப் பகுதியிலிருந்துதான்! தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2016-ல் அதை வெளியிட்டார்கள். பிறகு வேறு பல மாநிலங்களிலும் இந்தப் புழு காணப்பட்டது.

எப்படிப் பரவுகிறது?

இந்தப் புழுவுக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. தானாக ஊர்ந்தால் ஒரு வருஷத்தில் ஒரு கெஜ தூரம் போவதே அதிகம். அப்படியானால் மாநிலம் விட்டு மாநிலம் எப்படிப் போயிற்று?

கன்றோடு போயிற்று. விண்பதியத்தில் வேர் பிறப்பது மண்ணில் அல்ல என்று பார்த்தோம். அந்த வேரில் புழு இல்லை. பிறகு கன்றைப் பையில் வைக்கிறார்களே, அந்தப் பை மண்ணில்தான் புழு இருக்கிறது. நோயுள்ள தோட்டத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டால், கன்று விற்கும்போது புழுவையும் சேர்த்து விற்றதாகிவிடும். வாங்குகிறவர் பணம் கொடுத்து வினையை வாங்கிக்கொண்டு போகிறார். பாய்ச்சிய தண்ணீரும், மண் ஒட்டிய மண்வெட்டியும் மீதி வேலையைச் செய்துவிடுகின்றன.

என்ன செய்யலாம்?

கன்று வாங்கும்போது இலையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். அவரை, துவரையின் வேரில் நன்மை செய்யும் முடிச்சுகள் உண்டு. கொய்யா வேரில் அப்படி எதுவும் கிடையாது. முடிச்சு இருந்தால் கன்று வேண்டாம் என்று திரும்பிவிடுங்கள்.

கன்று வளர்ப்பவர்கள் பை மண்ணைச் சுத்தப்படுத்த வேண்டும். கோடையில் மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் மூடி, நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் போட்டால் புழு பெரும்பாலும் மடியும்.

புழு உள்ள தோட்டத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய் ஊடுபயிர் வேண்டாம். அவையும் புழுவுக்குச் சாப்பாடு. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை பக்கத்தில் இருப்பதால் ஆசை வருவது இயற்கை. ஆனால் அதைவிடச் செண்டுமல்லி நல்லது. அதன் வேரில் உள்ள பொருள் நூற்புழுவுக்கு ஆகாது. பூவையும் விற்றுக்கொள்ளலாம்.

வேப்பம் பிண்ணாக்கு உதவும். புழுவின் முட்டைகளைத் தின்னும் நன்மை பூஞ்சாணங்களும் இருக்கின்றன. அவற்றைத் தொழு உரத்தில் கலந்து வேர்ப் பகுதியில் இடலாம். அளவைத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இவை புழுவை அடியோடு அழித்துவிடாது, அடக்கி வைக்கும். பட்டுப்போன மரத்தை வேரோடு எடுத்துவிட வேண்டும். அதே குழியில் உடனே மறுகன்று நடக் கூடாது.

ஒரு முறை மண்ணில் புகுந்த புழுவை முற்றிலும் ஒழிப்பது மிகவும் கஷ்டம். புகாமல் தடுப்பதோ சுலபம். கன்றுக்குக் கொடுக்கும் விலை சில ரூபாய்தான்; அது இருபது வருஷத் தோட்டத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

அடுத்த முறை கொய்யாக் கன்று வாங்கப் போகும்போது பையைக் கிழிக்க ஒரு சிறு கத்தியும் கையோடு எடுத்துப் போங்கள்!