காவல் நாய்க்குப் பரங்கிக்காய்

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் செஞ்சிக் கோட்டைக் குன்றுகளைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் நெல்லும் மணிலாவும் முக்கியப் பயிர்களாம். பயிர் பொய்த்த காலத்தில் உழவர்க்குக் கைகொடுப்பவை ஆடுகள். களத்தில் காயும் மணிலாவுக்கும் பட்டியில் அடைத்த ஆடுகளுக்கும் இரவெல்லாம் காவல் நிற்பது நாயே. மாட்டுக்கு எந்தத் தீவனம், ஆட்டுக்கு எந்தத் தழை என்று ஆராயும் நாம், நாயின் உணவைப் பற்றி எண்ணுவது அரிது. மிஞ்சிய சோறும் கஞ்சியுமே அதற்குக் கிடைக்கும் பங்கு.

நாயின் உணவில் பரங்கிக்காய் சேர்ப்பது நல்லது என்ற கருத்து இக்காலத்தில் நாய் வளர்ப்போரிடையே பரவியிருக்கிறது. இதில் உண்மை உண்டு. ஆனால் அளவறிந்து கொடுத்தால்தான் நன்மை. பரங்கி செய்யாத வேலையை அதனிடம் எதிர்பார்த்தால் நாய்க்கும் ஆட்டுக்கும், ஏன், மனிதர்க்கும் கேடு விளையும்.

எந்தக் காய்?

இங்கே கூறுவது மஞ்சள் நிறச் சதையுள்ள பரங்கியை. சில ஊர்களில் இதனை மஞ்சள் பூசணி என்றும் சர்க்கரைப் பூசணி என்றும் அழைப்பர். சாம்பல் பூத்த வெண்பூசணி வேறு காய். அமாவாசையன்றும் ஆயுத பூஜையன்றும் திருஷ்டி கழித்துத் தெருவில் உடைக்கும் பூசணியில் குங்குமமும் காசும் கலந்திருக்கும். அதை நாய் தின்னாதபடி உடனே அப்புறப்படுத்த வேண்டும். விழுங்கிய காசு குடலை அடைக்கக்கூடும்.

பரங்கியின் குணம்

பரங்கியின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே. எஞ்சியதில் நார்ச்சத்தும், சதைக்கு மஞ்சள் நிறம் தரும் கரோட்டின் என்னும் பொருளும் உண்டு. நாயின் உடல் இந்தக் கரோட்டினை ஏ ஜீவசத்தாக மாற்றிக்கொள்ளும். பூனைக்கு இத்திறன் இல்லை.

நாய்க்குப் பெரிதும் பயன்படுவது நார்ச்சத்துதான். எலும்பை மிகுதியாகத் தின்ற நாய்க்கு மலம் இறுகிச் சுண்ணாம்புபோல் வெளுத்து வரும். அப்போது சிறிது பரங்கி சேர்த்தால், நாரும் நீரும் மலத்தை இளக்கும். தீனி மாறியதால் மலம் சற்று இளகிப் போனாலும் இதே நார் நீரை உறிஞ்சிக் கட்டுப்படுத்தும். ஆனால் இரண்டு நாள் முக்கியும் மலம் வராத நாயையும், வாந்தியுடன் இரத்தம் கலந்து கழியும் குட்டியையும் வீட்டு வைத்தியத்தில் வைத்திருக்கலாகாது. குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்னும் நச்சுயிரி நோயின் அறிகுறியும் இதுவே. ஒரு நாள் தாமதம் உயிரைப் போக்கிவிடும்.

அளவு

பரங்கி துணை உணவேயன்றி முழு உணவன்று. பதினைந்து கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரி தேவை. நூறு கிராம் பரங்கியில் கிடைப்பதோ சுமார் 26 கலோரி. புரதம் ஒரு கிராம் அளவே. பரங்கியை மட்டும் கொண்டு அந்நாயின் தேவையை நிறைவு செய்ய மூன்று கிலோவுக்கு மேல் வேண்டும்! வயிறு நிறைந்தும் உடல் மெலியும் நிலை இதனால்தான் உண்டாகும். சோறு அல்லது கேழ்வரகுக் களியுடன் முட்டை, வேகவைத்த இறைச்சி, உப்பு நீங்கக் கழுவி முள் நீக்கிய கருவாடு ஆகியவற்றுள் ஒன்று இருத்தல் வேண்டும். அதன்மேல்தான் பரங்கி.

சிறு நாய்க்கு வேளைக்கு ஒரு தேக்கரண்டி. நடுத்தர நாட்டு நாய்க்கு ஒன்று அல்லது இரண்டு மேசைக்கரண்டி. இராசபாளையம் போன்ற பெரிய நாய்க்கு மூன்று அல்லது நான்கு மேசைக்கரண்டி போதும். முதல் மூன்று நாள்கள் இதில் பாதி கொடுத்துப் பார்த்து, வயிறு ஏற்றுக்கொண்டால் முழு அளவு கொடுக்கலாம்.

சமைக்கும் முறை

தோலையும் விதையையும் குடலையும் நீக்கி, சதையைத் துண்டாக்கி, உப்பின்றி வேகவைத்து மசித்து ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். நமக்காகச் செய்த கூட்டும் சாம்பாரும் நாய்க்கு ஆகா. அவற்றிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. காயில் ஒரு துணுக்கை நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் எறிந்துவிடுக. கசக்கும் பரங்கி மனிதர்க்கும் நஞ்சு. பூஞ்சணம் பிடித்த மணிலாப் பிண்ணாக்கையும் நாய்க்கு வைக்கலாகாது. அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

இதற்கெனக் காசு செலவழிக்கத் தேவையில்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2 இரகக் காய்கள் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரைதான் இருக்கும். சிறு குடும்பத்துக்கு ஏற்றவை. ஆடியில் புறக்கடையில் நான்கு விதை ஊன்றினால் வீட்டுக்கும் நாய்க்கும் போதும். முற்றிய காயைக் காம்புடன் பறித்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் சில மாதங்கள் கெடாது.

பரங்கியால் ஆகாதது

பரங்கி விதை குடற்புழுவைப் போக்கும் என்ற நம்பிக்கை பழமையானது. அதை நம்பி மருந்தை விட்டுவிடுவதே பெருந்தவறு. காரணம் யாதெனில், நாயின் நாடாப்புழு நாயோடு நிற்பதில்லை. அதன் முட்டைகள் மலத்துடன் புல்லில் விழுகின்றன. புல்லை மேயும் ஆட்டின் மூளையில் ஒருவகைப் புழு நீர்க்கட்டியாக வளர, ஆடு தலையைச் சாய்த்துச் சுற்றிச் சுற்றி வந்து மடிகிறது. மற்றொரு வகை ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டியாகிறது. அம்முட்டை கீரையிலோ நீரிலோ கைவிரலிலோ ஒட்டி நம் வயிற்றுக்குள் சென்றால் நமக்கும் அதே கட்டி உண்டாகும். பலருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படும். ஆட்டை அறுத்து, கட்டியுள்ள தலையையும் ஈரலையும் நாய்க்கு எறியும்போது புழு மீண்டும் நாயின் குடலை அடைகிறது. சென்னைச் சிவப்பு ஆடுகளை மந்தையாக வளர்க்கும் நம் மாவட்டத்தார் இச்சுழற்சியை நன்கு அறிந்திருத்தல் அவசியம்.

இதை அறுக்கவல்லது பிரசிகுவான்டல் என்னும் மருந்து. கால்நடை மருத்துவரைக் கேட்டு, நாயின் எடைக்கேற்பக் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பது பொது வழக்கம். வெறிநோய்க்கும் தடுப்பூசியன்றி வேறு காப்பு இல்லை. எவ்வளவு நல்ல உணவும் அதற்கு ஈடாகாது.

ஊராட்சியின் கடமை

இறைச்சிக் கழிவை ஆழக் குழி தோண்டிப் புதைக்கச் செய்வதும், நாய்கள் தோண்டாதபடி குழியின்மேல் கல் பரப்புவதும், கால்நடை மருந்தகத்துடன் பேசி ஊர் நாய்கள் அனைத்துக்கும் ஒரே நாளில் புழு மருந்தும் தடுப்பூசியும் போட முகாம் நடத்துவதும் ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்க பணிகள். நாய்க்கு இறைச்சி கொடுக்க விரும்புவோர் அரை மணி நேரமேனும் கொதிக்கவைத்துக் கொடுக்கும்படி கிராம சபையில் எடுத்துரைக்கலாம்.

வீட்டில் வயிறார உண்ணும் நாய் குப்பைமேட்டையும் செத்த ஆட்டையும் நாடுவது குறையும். அந்த அளவில், கொல்லைப் பரங்கியின் இரண்டு கரண்டிச் சதையும் ஊர்ச் சுகாதாரத்துக்கு ஒரு சிறு துணையே. உணவுக்குப் பரங்கி, புழுவுக்கு மருந்து, வெறிநோய்க்கு ஊசி என்று மூன்றையும் அதனதன் இடத்தில் வைத்துப் போற்றுவோமாயின், காவலும் நிலைக்கும், பட்டியும் செழிக்கும்.