கருவிக்கு எந்த எண்ணெய் போடலாம்?

போன சம்பாவில் ஒருநாள் கோனோவீடர் இறுகிப்போச்சு. பட்டறையிலிருந்து கழிவு ஆயில் வாங்கி வந்து, அச்சில் தாராளமா ஊத்தி வயலில் இறக்கினேன். ரெண்டு வரிசை தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தண்ணி மேல வானவில் நிறத்தில் படலம் மிதக்குது. யூரியா மூட்டையை வரப்பில்கூட வைக்க விடாதவன் நான்!

பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்கிற என் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் தறியில் ஜக்கார்டு பெட்டி பாவுக்கு நேர் மேலே இருக்கும். அதில் கொக்கிகள் ஏறி இறங்க எண்ணெய் வேணும். ஆனால் ஒரு சொட்டு பட்டில் விழுந்தால் சேலையே வீண். அதனால் பாவின் மேல் துணியைப் போர்த்தி, எண்ணெயைத் துணியில் தொட்டு ஒத்தி, மிச்சத்தைத் துடைத்துவிடுவார். "எங்க போடணும்னு எல்லாருக்கும் தெரியும்டா. அது எங்க சொட்டும்னு பார்த்துட்டு அப்புறம் எண்ணெயை எடு" என்றார்.

அந்தக் கணக்கில் பார்த்தால் வயலில் இறங்கும் கருவிக்குக் கழிவு ஆயில் ஆகவே ஆகாது. இன்ஜினில் தேய்ந்த உலோகத்தூளும், புற்றுநோய் தரக்கூடிய எரிபொருள் கசடும் அதில் உண்டு. 2016-ம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளிலும் அது அபாயக் கழிவுதான். கரையானுக்கு என்று வேலிக்கால்களில் பூசுகிறோமே, அதையும் விட்டுவிட வேண்டியதுதான்.

சரி, சமையல் எண்ணெய் போடலாமா? ஆளிவிதை எண்ணெய் காற்றுப்பட்டால் காய்ந்து தோலாகிவிடும். அதனால்தான் பெயிண்டில் சேர்க்கிறார்கள். சூரியகாந்தி, நல்லெண்ணெய் அந்த அளவுக்கு இல்லை என்றாலும் நாள்பட்டால் பிசின் மாதிரி ஒட்டும். தேங்காய் எண்ணெய் காயாது. ஆனால் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்; மார்கழி விடியலில் அச்சு சுத்தாது. கீரை அறுக்கும் அரிவாளில் துரு பிடிக்காமல் தடவ அது போதும்.

அச்சுக்கு விளக்கெண்ணெய்தான் சரி. கெட்டியானது, சீக்கிரம் வழியாது, எளிதில் காயாது. மாட்டு வண்டிக்கு நம்ம பெரியவங்க வைக்கோல் கரியை இதில் குழைத்துத்தான் மை போட்டார்கள். முதல் உலகப் போரில் பறந்த பல விமானங்களின் இன்ஜினுக்கும் இதே எண்ணெய்தான்; பெட்ரோல் அதைச் சுலபமாகக் கரைக்காது என்பது ஒரு காரணம். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். கைத்தெளிப்பானின் தோல் வாஷருக்கும் இதைப் போடலாம். சாதாரண ரப்பர் வாஷரையும் இது கெடுக்காது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிவிடும். ஒன்று, விளக்கெண்ணெய் மினரல் ஆயிலோடு சரியாகக் கலக்காது. பழையதைச் சுத்தமாகத் துடைத்த பிறகே போடணும்.

கிரீஸ் என்பது எண்ணெயை ஒருவகை சோப்பில் பிடித்து வைத்திருப்பது. மூடிய பேரிங்குக்கு அதுதான் நல்லது. திறந்த இடத்தில் அப்பினால் மண்ணும் தூசியும் ஒட்டி, சாணைக்கல் மாதிரி இரும்பையே தேய்க்கும். கால்சியம் கிரீஸ் தண்ணிக்குத் தாங்கும், சூட்டுக்குத் தாங்காது. லித்தியம் கிரீஸ் சூட்டுக்கும் தாங்கும். பேரிங்குக்குப் பெரும்பாலும் இரண்டாம் நம்பர் சரியாக இருக்கும். இரண்டு வகையையும் கலந்து அடைக்காதீங்க.

பவர் டில்லரின் இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் மட்டும் கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிற ஆயில்தான். அங்கே விளக்கெண்ணெய்ப் பரிசோதனை வேண்டாம். ஆயில் சீல் கசியுதான்னு பார்த்துவிட்டு வயலில் இறக்குங்க.

கோனோவீடரை இப்போ வேலை முடிந்ததும் கழுவிக் காயவைத்து, அச்சின் ரெண்டு பக்கமும் நாலு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுச் சுத்திவிட்டு, வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுகிறேன். கால் லிட்டர் பாட்டில் வாங்கினது, இன்னும் பாதி இருக்கு.