ஆறு கார்கள் ஓடிய பந்தயம்

விடுமுறைக்கு மைசூரிலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக் கோயம்புத்தூர் சென்றிருப்பீர்கள். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனுக்கு அதுவே சொந்த ஊர். 2005-இல் ஜோர்டான் அணி அவருக்கு இடமளித்தது. அவ்வாண்டு ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், மிஷெலின் டயர்கள் தாங்கமாட்டா என்றஞ்சி 14 கார்கள் தொடக்கத்திலேயே விலகின. மீதி ஆறில் நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். ஆறில் நான்காவது ஒரு சாதனையா என்று கேட்பீர்கள். முன்னே சென்றவர்களுள் இருவர் ஷூமாக்கரும் பாரிகெல்லோவும் அல்லவா! எனினும் ஃபார்முலா ஒன்னில் அவருக்கு வேறு புள்ளிகள் கிட்டவேயில்லை. 2010-இல் அமெரிக்க நாஸ்கார் டிரக் பந்தயங்களிலும், பின்பு ஜப்பானிலும் ஓட்டினார். 2019 நவம்பரில், தம் 42-ஆம் வயதில், ஃபூஜி தளத்தில் ஹோண்டா காரில் முதலாவதாக வந்தார்.