சாம்பலுக்குச் சரியான நிறம்

அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் கைக்குப் பழகிய பிறகுதான் பல்கலைக்கழகப் புகைப்படப் படிப்பின் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. அதுவரை “படம் நன்றாக வந்திருக்கிறதா?” என்று கேட்ட ஆசிரியர், இனி “ஏன் இப்படி எடுத்தாய்?” என்று கேட்பார். நின்ற இடம், தேர்ந்த வெளிச்சம், கணினியில் செய்த மாற்றம், அச்சில் வந்த நிறம் என ஒவ்வொன்றுக்கும் மாணவரிடம் பதில் இருக்க வேண்டும்.

இதைப் பழகச் சென்னைப் பக்கத்தில் அத்திப்பட்டைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. 1994 முதல் மின்சாரம் தரும் வடசென்னை அனல் மின் நிலையம், வல்லூர் அனல் மின் நிலையம், 2001இல் திறக்கப்பட்டு இன்று காமராஜர் பெயர் தாங்கும் துறைமுகம், நடுவே கொசஸ்தலை ஆறு, அதை நம்பிப் பிழைக்கும் மீனவர்கள், எல்லாம் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. சாம்பல் குழாய்கள் கசிந்து ஆற்றில் படிந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன மண் இது. இங்கே எடுக்கும் படம் நாளைக்குச் சாட்சியாகவும் நிற்கக்கூடும். அப்படி நிற்கத் தகுந்த படத்தை உருவாக்கும் வழியைப் படிப்படியாகப் பார்ப்போம்.

1. கேமரா இல்லாமல் ஒரு நடை

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறுங்கள். எண்ணூர் தாண்டி ஆற்றைக் கடந்ததும் அத்திப்பட்டு புதுநகர், அடுத்தது அத்திப்பட்டு. முதல் நாள் நோட்டும் பேனாவும் போதும். மின் நிலையங்கள் தண்டவாளத்துக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்பதால், ஊரிலிருந்து பார்த்தால் காலை வெயில் புகைபோக்கிகளின் பின்னால் நிற்கும். அவை கரிய உருவங்களாகத் தெரியும். மாலையில் வெயில் முகத்தில் விழுந்து கான்கிரீட்டின் தன்மை துலங்கும். எந்த நேரத்தில் எந்தப் படம் என்பதை அன்றே எழுதிவிடுங்கள். துறைமுகமும் மின் நிலையங்களும் பாதுகாப்புக்கு உட்பட்டவை. உள்ளே எடுக்கவும் ட்ரோன் பறக்கவிடவும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ரயில் நிலையத்துக்கும் அப்படியே. கல்லூரியின் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

2. ஆட்களிடம் பேசுதல்

கொசஸ்தலை ஆற்றில் இருளர் பெண்கள் ஓலைக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, தண்ணீருக்குள் கைகளால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களின் வாழ்க்கையைப் படமாக்கிய எம். பழனிக்குமார் பாரி இணைய இதழின் புகைப்படக் கலைஞர். 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றவர். துப்புரவுத் தொழிலாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கற்றுத் தருபவர். அவருடைய படங்களைப் பார்த்துவிட்டுக் களத்துக்குப் போங்கள். கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பவரைக் கரையில் நின்று ஜூம் லென்ஸால் இழுப்பதற்கும், பக்கத்தில் போய்ப் பழகி எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு தெரியும். “அக்கா, படம் எடுக்கட்டுமா? காலேஜுக்குத்தான்” என்று கேளுங்கள். படம் எங்கே காட்டப்படும் என்பதையும் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

3. மீட்டரைத் திருத்துதல்

பாடத்தின் நடுநாயகம் இதுதான். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக, சுமார் 18 விழுக்காடு ஒளியைத் திருப்பியனுப்பும் பரப்பாகக் கருதிக்கொள்ளும். அத்திப்பட்டில் இந்தக் கணக்கு இரு பக்கமும் தவறும். உலர்ந்த நிலக்கரிச் சாம்பல் அந்த நடுநிறத்தைவிட வெளிறியது. சட்டகம் நிறையச் சாம்பல் இருந்தால் கேமரா அதை மங்கலாக்கி ஈரச்சேறு போலக் காட்டிவிடும். நிலக்கரிக் குவியலோ மிகக் கருப்பு. அதைக் கேமரா வெளுக்க வைக்கும்.

அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி வகுத்த ஜோன் சிஸ்டம் இதற்கு உதவும். முழுக் கருப்பிலிருந்து முழு வெள்ளை வரை 0 முதல் 10 வரையிலான படிகளில் நடுச்சாம்பல் 5ஆவது படி. உலர்ந்த சாம்பலை ஸ்பாட் மீட்டரால் அளந்து, 6ஆவது படிக்குக் கொண்டுபோக ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். நிலக்கரியை 3ஆவது படியில் வைக்க இரண்டு ஸ்டாப் குறையுங்கள். கூடவே, அதே வெளிச்சத்தில் கிரே கார்டை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வண்ணச் சமநிலையைச் சரிசெய்யும்போது கண்ணின் யூகத்தை நம்பத் தேவையில்லை.

4. பதிவு

ரா ஃபைலில் எடுங்கள். ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள். 14 பிட் ரா ஃபைலில் 16,384. சாம்பல் மேடும் வெளிறிய வானமும் சந்திக்கும் இடத்தில் வேறுபாடு மிக நுட்பமானது. அதைத் தாங்க இத்தனை படிகளும் வேண்டும். ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தை முட்டினால் வானத்தின் விவரம் போய்விட்டது என்று பொருள். எக்ஸ்போஷரைக் குறைத்து மறுபடி எடுங்கள். காற்றில் தூசியும் உப்பும் இருப்பதால் களத்தில் லென்ஸைக் கழற்றாதீர்கள். வீடு திரும்பியதும் உலர்ந்த துணியால் கேமராவைத் துடையுங்கள். அன்றிரவே ஃபைல்களை இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

5. கணினியில்

முதலில் திரையைக் காலிபரேட் செய்யுங்கள். பிறகு கிரே கார்டு கொண்டு வெள்ளைச் சமநிலை, அடுத்து மொத்த வெளிச்சம், பின் கர்வ்ஸ், கடைசியாகக் குறிப்பிட்ட பகுதிகளில் திருத்தம் என்ற வரிசையில் போங்கள்.

பொய் நுழையும் வாசலும் இங்கேதான் இருக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் ட்ரைப், காகித நெகட்டிவ்களில் வானம் வெறுமையாக வந்ததால் மேகங்களைக் கையால் தீட்டிச் சேர்த்தார். அன்றைய ரசாயனம் நீல ஒளிக்கு அதிகமாக வினைபுரியும், வானம் தங்காது. அவருக்கு அது தொழில்நுட்பக் குறையை ஈடுகட்டும் வழி. நமக்கு அந்தச் சலுகை கிடையாது. டீஹேஸ் ஸ்லைடரை வலப்பக்கம் இழுத்தால் அத்திப்பட்டின் புகைமூட்டம் மறைந்துவிடும். இடப்பக்கம் இழுத்தால் இல்லாத புகையும் வந்து சேரும். இரண்டுமே அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்களுக்குச் செய்யும் அநீதி. ஸ்லைடரைப் பூஜ்யத்தில் விடுங்கள். சென்சாரில் படிந்த தூசிப் புள்ளியை நீக்கலாம். கம்பியை, குழாயை, ஆளை நீக்கக் கூடாது. செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து, தொடாத மூல ஃபைலுடன் சேர்த்து ஒப்படையுங்கள்.

6. தேர்வும் அச்சும்

நூற்றுக்கணக்கான படங்களிலிருந்து பன்னிரண்டை எடுங்கள். அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்பினால் ஒன்றையே திரும்பச் சொல்லும் படங்கள் தாமே தெரியும். ஆறு, வீடு, வேலை, ஆலை ஆகிய நான்குக்கும் இடம் கிடைத்ததா என்று பாருங்கள். புகைபோக்கி மட்டுமே பேசும் தொகுப்பில் ஊர் காணாமல் போகும்.

6000 × 4000 பிக்சல் கொண்ட 24 மெகாபிக்சல் படத்தை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் 20 × 13.3 அங்குலம் வரை தெளிவாக அச்சிடலாம். முதலில் சாஃப்ட் புரூஃபில் பார்த்து, சிறு சோதனைத் துண்டு எடுங்கள். திரையில் நடுநிலையாகத் தெரிந்த சாம்பல் காகிதத்தில் பச்சையாகவோ ஊதாவாகவோ சாயலாம். பகல் வெளிச்சத்தில் கிரே கார்டின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

7. குறிப்பும் மறுவருகையும்

ஒவ்வொரு படத்துக்கும் இடம், நாள், நேரம், காட்சி நான்கையும் எழுதுங்கள். குளிரூட்டும் கோபுரத்திலிருந்து எழும் வெண்மை நீராவி. அதைப் புகை என்று எழுதினால் ஒரே சொல்லில் மொத்தத் தொகுப்பும் நம்பகம் இழக்கும். வாய்மொழித் தேர்வுக்கு முன் அச்சுகளை அத்திப்பட்டுக்கு எடுத்துப் போங்கள். படத்தில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுத்து, “சரியா இருக்கா?” என்று கேளுங்கள். சாம்பல் எந்த மாதம் எந்த நிறத்தில் படியும், இறால் எந்தத் திருப்பத்தில் கிடைக்கும் என்பது அவர்களுக்கே தெரியும். அவர்கள் சொல்லும் திருத்தத்தைக் குறிப்பில் சேர்த்த பின்பே தொகுப்பு முடிகிறது. தேர்வறையில் ஆசிரியர் என்ன கேட்டாலும், அந்த ஊரார் முன் நின்று சொல்லக்கூடிய பதிலையே அங்கும் சொல்லுங்கள்.