கடைசியில் கவிழ்ந்தது அந்தப் பனிப்பாறை!

கடலில் மிதக்கும் ஒரு பனிப்பாறை. அதன் ஒரு ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு பென்குயின்கள். தலையில் கட்டட வேலைக்கான ஹெல்மெட், கையில் தரையைத் துளைக்கும் இயந்திரம். 'எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க!' என்று ஒன்று கூப்பிடுகிறது. துளைக்கிறார்கள், துளைக்கிறார்கள்... பாறை அசையவே இல்லை.

'கிளப் பென்குயின்' என்ற ஆன்லைன் விளையாட்டில் பத்தாண்டுகளாக நடந்த காட்சி இது. நிறையப் பேர் ஒரே பக்கம் நின்றால் பாறை கவிழும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. மயிலிறகு குட்டி போடும் என்று நம்பி நோட்டுக்குள் வைத்துக் காத்திருந்தோமே, அந்த மாதிரி ஒரு நம்பிக்கை!

2005 அக்டோபரில் கனடாவின் கெலோனா நகரில் தொடங்கப்பட்டது இந்த விளையாட்டு. சின்னப் பிள்ளைகளைப் பயமில்லாமல் விட்டுவைக்க இணையத்தில் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் எண்ணம். பனித்தீவு ஒன்று, அங்கே ஒவ்வொரு குழந்தையும் ஒரு பென்குயின். 2007-ல் டிஸ்னி நிறுவனம் இதை 35 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2013-க்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள்!

அங்கே ஜெயிப்பதற்கென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஊர் சுற்றலாம், பனிமலையில் சறுக்கலாம். பீட்சா கடையில் ஏப்ரன் கட்டிய பென்குயின் ஒன்று 'என்ன வேணும்?' என்று கேட்கும்; வேலை பார்க்கும் அதுவும் ஒரு குழந்தை, சாப்பிட வரும் இதுவும் ஒரு குழந்தை. பஞ்சு உருண்டை போன்ற 'பஃபிள்' என்ற செல்லப்பிராணியை வளர்க்கலாம். கவனிக்காமல் விட்டால் ஓடிப்போய்விடும். ஆர்க்டிக் அத்தையை ஆசிரியராகக்கொண்ட ஒரு வாரப் பத்திரிகைகூட வியாழன்தோறும் வந்தது. நமக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்!

2017 ஜனவரி இறுதியில் அறிவிப்பு வந்தது. மார்ச் 29-தான் கடைசி நாள். பிள்ளைகள் கணினியைவிட்டு மொபைலுக்குப் போய்விட்டார்கள். அதற்கேற்ற புதிய விளையாட்டு வரப்போகிறது என்றார்கள்.

அந்த இரண்டு மாதத்தில்தான் பழைய ஆட்கள் திரும்பி வந்தார்கள். எட்டு வயதில் விளையாடியவர்கள் இப்போது கல்லூரியில் இருந்தார்கள். கணக்கு தொடங்கும்போது கொடுத்தது அம்மா அல்லது அப்பாவின் மின்னஞ்சல் முகவரி. எனவே, கடவுச்சொல்லை மறந்தவர்கள் மறுபடி வீட்டில்தான் போய்க் கேட்க வேண்டியிருந்தது. உள்ளே போனதும் முதல் வேலை, தன் இக்ளூ வீட்டைப் போய்ப் பார்ப்பது. அப்புறம் காபி கடை, கலங்கரை விளக்கம், சுரங்கம் என்று ஒரு சுற்று.

ஆனால், நண்பர்கள்? அந்தப் பட்டியலில் பெயர்கள் அப்படியே இருந்தன, ஆட்கள் இல்லை. போய்க் கூப்பிடவும் வழியில்லை. குழந்தைகளின் பாதுகாப்புக்காகத் தொலைபேசி எண், முகவரி எதையும் அங்கே எழுத முடியாதபடி தடுத்துவைத்திருந்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. ஒரு பெற்றோராக நானும் அதைத்தான் கேட்பேன். ஆனால், வருடக்கணக்கில் பழகிய தோழியைப் பற்றி ஒரு குழந்தைக்குத் தெரிந்தது அவளுடைய பென்குயின் பெயர் மட்டும்தான். சர்வரை அணைத்தால் அந்த முகவரியும் போச்சு. 'வெறும் கேம்தானே' என்று நாம் சொல்லும்போது இது நம் கணக்கில் வருவதில்லை.

இந்தக் கடைசிக் கொண்டாட்டத்தின்போதுதான் அது நடந்தது. வழக்கம்போல ஹெல்மெட் போட்ட கூட்டம் ஓரத்தில் நின்று துளைக்க, பனிப்பாறை மெல்லச் சாய்ந்து... கவிழ்ந்தேவிட்டது! அதன் அடிப்பக்கத்தில் ஒரு நடன மேடை. விளையாட்டை உருவாக்கியவர்கள் தாங்களாகவே வைத்துவிட்டுப்போன பிரிவுப் பரிசு அது. ஒன்று சேர்ந்தால் பனிப்பாறையைக்கூடக் கவிழ்க்கலாம் என்ற பொருளில் ஒரு செய்தியும் இருந்தது. பத்தாண்டுகளாக 'அதெல்லாம் பொய்' என்று கேலி செய்தவர்களும் போய் ஆடினார்கள்.

தீவுக்கென்று இருந்த கடிகாரம், அமெரிக்கப் பசிபிக் நேரத்தையே காட்டும். மார்ச் 29 நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சின் நடுவிலேயே வெளியே வந்து விழுந்தார்கள். இணைப்பு துண்டிக்கப்பட்டது, விளையாடியதற்கு நன்றி என்று திரையில் ஓர் அறிவிப்பு.

அதற்குப் பதிலாக வந்த மொபைல் விளையாட்டு 2018 டிசம்பர் வரைகூடத் தாக்குப்பிடித்தது பெரிது. அந்த மாதமே அதையும் மூடிவிட்டார்கள். ரசிகர்கள் அனுமதியில்லாமல் பழைய தீவை அச்சு அசலாகத் திரும்பக் கட்டினார்கள். 'கிளப் பென்குயின் ரீரிட்டன்' என்ற அந்தத் தளத்தை 2022 ஏப்ரலில் லண்டன் போலீஸ் முடக்கியது. இருந்தவரை லட்சக்கணக்கானவர்கள் அங்கே போய்வந்தார்கள். பீட்சா கடை இருந்தது, பனிப்பாறை இருந்தது. கணக்கு மட்டும் புதிதாகத் தொடங்க வேண்டும். பழைய தோழியின் பெயரிலேயே ஒரு பென்குயின் எதிரே வந்தாலும், அது அவள்தானா என்று கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.