அக்குளில் ஒரு கருப்புப் பொருக்கு

2022 ஜூன் மாதம் திருவனந்தபுரம் மாவட்டம் வர்க்கலைப் பக்கத்தில் பதினைந்து வயது மாணவி ஒருத்தி காய்ச்சலில் இறந்தாள். சில நாட்களுக்குள் பாறசாலைப் பகுதியைச் சேர்ந்த பெண் ஒருவரும் இறந்தார். இருவருக்கும் வந்தது ஸ்க்ரப் டைபஸ். மலையாளத்தில் அதைச் செள்ளுப்பனி என்பார்கள். பனி என்றால் அங்கே காய்ச்சல். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல். நேரத்தோடு கண்டுபிடித்தால் விலை மலிவான மாத்திரையிலேயே குணமாகிற நோய் இது. அந்த மாணவியின் வயதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

கடிப்பது எது?

பெயரில் உண்ணி இருந்தாலும், மாட்டிலும் நாயிலும் கொழுத்துத் தொங்குகிற உண்ணி இதைப் பரப்புவதில்லை. புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சுதான் கடிக்கிறது. கண்ணுக்கு எளிதில் தட்டாத அளவு. எலி, பெருச்சாளி மேல் ஒட்டி வாழும். பிள்ளைகள் புதரில் பந்து தேடப் போனால் அவர்கள் மேலும் ஏறிவிடும். அதன் உடம்பிலிருக்கும் ஒரியன்ஷியா என்ற பாக்டீரியாதான் நோய்க்குக் காரணம்.

நாய் உண்ணி பரப்புவது இந்திய உண்ணி டைபஸ். அதில் உள்ளங்கை, உள்ளங்காலில்கூடச் சிவந்த தடிப்பு வரலாம். இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே.

சட்டையைக் கழற்றிப் பாருங்கள்

கடித்த இடம் முதலில் சிறு கொப்புளமாகும், பிறகு நடுவில் கருத்துப் பொருக்காகிவிடும். சுற்றிலும் சிவப்பு வளையம். சிகரெட்டால் சுட்டது போலவே இருக்கும். ஆனால் வலிக்காது, அரிக்காது. அதனால் குழந்தை சொல்லாது. அது இருக்கும் இடமும் அப்படி: அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், தொப்புளுக்குள், பையன்களுக்கு விதைப்பையில். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை கூச்சத்தில் மறைக்கும். டாக்டர் சட்டையைத் தூக்கி நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துவிட்டு அனுப்பினால் பொருக்கு கண்ணில் படாமல் தப்பிவிடும். அம்மாவோ அப்பாவோ குளிப்பாட்டும்போது நல்ல வெளிச்சத்தில் கையைத் தூக்கிப் பார்க்கலாம். பொருக்கு இல்லையென்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. பலருக்கு அது வருவதே இல்லை.

கடித்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், தலைவலி, வாந்தி. தட்டணுக்கள் குறையும். மழைக்காலத் திருவனந்தபுரத்தில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் கூடவே சுற்றுவதால் குழப்பம் இயல்புதான். ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சலில் முகம் வீங்கினாலும், வயிறு உப்பினாலும், மூச்சு வாங்கினாலும், பிள்ளை மந்தமாகக் கிடந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கலாமா?

கூடாது. ஐஜிஎம் எலைசா நல்ல பரிசோதனைதான், ஆனால் முதல் சில நாட்களில் நெகட்டிவ் என்றே வரலாம். பழைய வெயில்-பெலிக்ஸ் பரிசோதனை பல நோயாளிகளைத் தவறவிடும். சந்தேகம் வலுவாக இருந்தால் டாக்டர்கள் அன்றைக்கே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின், குழந்தையின் எடைக்கேற்ப. இந்தக் கிருமி செல்லுக்குள்ளே குடியிருப்பது. வழக்கமாக எழுதித்தரும் அமாக்ஸிசிலினும் செஃப்ட்ரியாக்ஸோனும் இதற்கு வேலைக்காகாது. சரியான மருந்து போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

டாக்ஸிசைக்ளின் பல்லில் கறை படுத்தும் என்ற பயம் பெற்றோருக்கும் உண்டு, மருந்துக் கடைக்காரருக்கும் உண்டு. அமெரிக்காவில் உண்ணியால் வரும் இதே குடும்பத்துக் காய்ச்சலுக்காக எட்டு வயதுக்குள் இந்த மருந்தைச் சாப்பிட்ட 58 பிள்ளைகளின் பற்களைப் பல் மருத்துவர்கள் பார்த்தார்கள். சாப்பிடாத பிள்ளைகளையும் கூடவே பார்த்தார்கள்; யார் மருந்து சாப்பிட்டவர் என்பது அந்தப் பல் மருத்துவர்களுக்குத் தெரியாது. 2015-இல் வந்த முடிவு: மருந்து சாப்பிட்ட ஒருவருக்கும் அந்தக் கறை இல்லை. ஒரு வாரத்து மருந்துக்குப் பயந்து பிள்ளையின் உயிரோடு விளையாடக் கூடாது.

டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள்

தோட்டத்தில் விளையாடி வந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்கச் செய்து, போட்டிருந்த துணியை வெந்நீரில் துவைத்துவிடுங்கள். துவைத்த துணியைச் செடி மேல் காயப் போடாதீர்கள். காய்ச்சல் வந்துவிட்டால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: “பத்து நாளுக்கு முன்னால் ரப்பர் தோட்டத்துக்குள் போய் விளையாடினான், உடம்பு முழுக்க ஒரு தடவை பார்த்துவிடுங்கள் டாக்டர்.”